மனதில் இருப்பது கான்வாஸில் ஏன் சேறாகிறது?

கேள்வி இது: “அரூப ஓவியர்களுக்கு உந்துதல் எங்கிருந்து வருகிறது? எனக்குள்ளும் துக்கம், நினைவு எல்லாம் நிறையக் கிடக்கின்றன. அவற்றை அக்ரிலிக்கில் கொட்டிப் பார்த்தால் நாலு மணி நேரத்தில் பழுப்புச் சேறுதான் மிஞ்சுகிறது. எங்கே தவறு?”

தவறு துக்கத்தில் இல்லை. ‘துக்கம்’ என்ற சொல்லிலிருந்து படத்தைத் தொடங்குவதில் இருக்கிறது. துக்கத்துக்கு அகலம் கிடையாது, ஓரம் கிடையாது, மினுமினுப்பு கிடையாது. பிரஷ் கேட்பதோ இவற்றைத்தான்: எவ்வளவு அகலம், ஓரம் கூரா மங்கலா, பளபளப்பா சொரசொரப்பா, மேலேயா கீழேயா. இவற்றுக்குப் பதில் இல்லாத கை, கண்ணில் பட்ட டியூபையெல்லாம் பிதுக்கி அப்புகிறது. அரூபம் என்றால் பொருள் இல்லாதது என்று எடுத்துக்கொள்வதால் வரும் வினை இது. பொருள் உண்டு. அதன் உருவத்தை விட்டுவிட்டு வேறு எதையோ எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆவேசத்தில் வீசியடிப்பதுதான் அரூபம் என்று நம்புகிறவர்களுக்கு அரூப ஓவிய முன்னோடி வாஸிலி கண்டின்ஸ்கியின் வேலைமுறை நல்ல மருந்து. 1911 ஜனவரி 2 அன்று மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இசையைக் கேட்டார். அதிலிருந்து பிறந்தது ‘இம்ப்ரெஷன் 3 (கச்சேரி)’. படம் முழுக்க மஞ்சள் பாய்கிறது. மேல்பகுதியில் பெரிய கறுப்புத் திணிவு. அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க வேண்டியதில்லை, கரிக்கோல் முன்வரைவுகள் இருக்கின்றன: மூடி திறந்த பெரிய பியானோ, அதைச் சுற்றி வளைகோடுகளாகச் சுருங்கிய ரசிகர்கள். இசை தந்த பரவசம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இந்தப் பியானோ மூடி கிடைத்திருக்காது. இரண்டு ஆண்டு கழித்து வரைந்த ‘காம்போசிஷன் 7’ இன்னும் வெளிப்படை. 2 மீட்டருக்கு 3 மீட்டர் கான்வாஸை 1913 நவம்பர் 25 முதல் 28 வரை, நான்கே நாளில் முடித்தார். அதற்கு முன் செய்த முன்வரைவுகள் 30க்கு மேல். நான்கு நாள் வேகம் அந்த முப்பதிலிருந்து வந்தது.

அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கன்தாலர் 1952 கோடையில் கனடாவின் நோவா ஸ்கோஷியா கடற்கரையில் நீர்வண்ணத்தில் நிலக்காட்சிகள் வரைந்தார். அக்டோபரில் நியூயார்க் திரும்பி, ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசாத வெறும் கான்வாஸைத் தரையில் விரித்து, டர்பன்டைனில் நீர்த்த எண்ணெய் வண்ணத்தை ஊற்றினார். ‘மவுன்டன்ஸ் அண்ட் சீ’ அப்படி வந்தது. அவர் கொண்டுவந்தது மலையின் வெளிக்கோடு இல்லை. நீர்வண்ணம் தாளில் ஊறும் விதம். அதையே மூன்று மீட்டர் அகலத்துக்குப் பெரிதாக்கினார். (இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். பூச்சில்லாத பருத்தித் துணியில் எண்ணெய் நேரடியாகப் பட்டால் நாளடைவில் இழை இற்றுப்போகும். வண்ணத்தைச் சுற்றி எண்ணெய் வளையமும் படரும். வெறும் துணியில் ஊறவைக்க ஆசையென்றால் அக்ரிலிக்தான் சரி.)

ஓவியர் சையத் ஹைதர் ரஸாவின் படங்களில் வரும் ‘பிந்து’ என்ற வட்டப்புள்ளிக்குப் பின்னால் இருப்பது மத்தியப் பிரதேசக் கிராமத்துப் பள்ளிச் சுவர். பாடத்தில் மனம் நிற்காத சிறுவனை, சுவரில் ஒரு புள்ளி வைத்து அதையே பார்க்கச் சொன்னார் ஆசிரியர். அந்தப் புள்ளி படங்களின் நடுவுக்கு வந்து உட்கார ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆயின; அதுவரை ரஸா பிரான்சில் நிலக்காட்சிகளைத்தான் குலைத்துக் குலைத்து வரைந்துகொண்டிருந்தார். சென்னையில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1960களில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைப் பார்த்தால் ஜாதகக் கட்டம், கணிதக் குறி, வாசிக்க முடியாத எழுத்து எல்லாம் ஏட்டுப் பக்கம்போல அடுக்கியிருக்கும். ஜோசியத்தை அவர் சித்திரமாக்கவில்லை. ஜாதகத் தாள் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ, அந்தப் பக்க அமைப்பை எடுத்துக்கொண்டார். இன்று ‘பிந்து’ மாதிரி நூறு படங்கள் இணையத்தில் விற்கின்றன. அவற்றில் ரஸாவின் விடை இருக்கிறது, அந்தச் சுவர் இல்லை.

ஆக, வேண்டியது கண்ணோ தோலோ காதோ பிடித்த ஒரு சின்ன விஷயம். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: இரண்டு வாரம், தினமும் மூன்று வரி எழுதுவது. கட்டுப்பாடு ஒன்றே ஒன்று. சோகம், அமைதி, ஏக்கம், ஆன்மா போன்ற சொற்கள் வரக்கூடாது. பாட்டி இறந்த துக்கம் என்று எழுதத் தோன்றினால், பாட்டி எங்கே உட்காருவார், அந்த இடத்தில் இப்போது என்ன தெரிகிறது என்று எழுத வேண்டும். ‘முற்றத்துச் சுவரில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், அவர் தலைசாய்த்துச் சாய்த்து எண்ணெய் ஏறிய கறை. நடுவில் மினுங்குகிறது, ஓரம் எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. சுற்றிலும் சுண்ணாம்பு உதிர்கிறது.’ பதினான்கு நாளில் இப்படி ஒன்றிரண்டுதான் தேறும். மற்றவை வெறும் வர்ணனையாக இருக்கும், பரவாயில்லை.

இந்தக் கறையையே வைத்துக்கொண்டு மேலே போகலாம். அதில் வரையத் தகுந்தவை என்னென்ன? உயரம் தாழ்ந்திருப்பது, மேலே நிறைய வெற்றுச் சுவர் இருப்பது. ஓரமில்லாத ஓரம். உலர்ந்த மேற்பரப்பின் நடுவே ஒரு பளபளப்பு. ஒரே நாளில் வந்ததல்ல, வருடக்கணக்கில் படலம் படலமாக ஏறியது. இந்த நான்கும் கைக்கு இடும் கட்டளைகள். முகம் வேண்டாம், வெற்றிலைச் செல்லம் வேண்டாம், காலி நாற்காலி கூடவே கூடாது. அவை வந்தால் படம் கதை சொல்ல ஆரம்பித்துவிடும்.

அடுத்தது சிறு வரைவுகள். ஏ4 தாளில் 5 செ.மீ.க்கு 7.5 செ.மீ. கட்டங்கள் எட்டு, மூன்று தாளில் 24 வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம், 6பி பென்சில், கோடு போடாமல் வெளிர், நடுத்தரம், கருமை என மூன்றே சாயல்கள். முதல் ஐந்தாறும் எங்கோ பார்த்த படங்களாகத்தான் இருக்கும், அவை கையிலிருந்து வடிந்து போகட்டும். பத்துக்கு மேல்தான் கறை கீழ்விளிம்பை வெட்டினால் என்ன, சட்டத்துக்கு வெளியே பாதி போனால் என்ன என்று கை தேட ஆரம்பிக்கும். பின்னாளில் நேர்கோட்டுக் கட்டங்களாலான படங்களுக்குப் பெயர்பெற்ற டச்சு ஓவியர் மான்ட்ரியன் 1908 முதல் 1912 வரை மரத்தைத் திரும்பத் திரும்ப வரைந்ததில் நடந்ததும் இதுதான்: சிவப்பு மரத்தில் கிளை கிளையாகவே தெரிகிறது, சாம்பல் மரத்தில் கிளைகளுக்கு நடுவிலுள்ள வெளி முக்கியமாகிறது, பூத்த ஆப்பிள் மரத்தில் வளைவுகள் மட்டும் மிஞ்சுகின்றன. மரத்திலிருந்து நேரடியாகக் கட்டங்களுக்குத் தாவியவர் இல்லை அவர்.

தேர்ந்த வரைவைப் பெரிதாக்குமிடத்தில் பலர் சறுக்குகிறார்கள். 7.5 செ.மீ. வரைவை 36 அங்குல, அதாவது ஏறக்குறைய 91 செ.மீ. கான்வாஸுக்குக் கொண்டுபோனால் 12 மடங்கு. வரைவில் 4 மி.மீ. இருந்த பென்சில் தடம் கான்வாஸில் 5 செ.மீ. ஆக வேண்டும். ஆர்ட் கடையில் வாங்கிய 12ஆம் நம்பர் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு அந்த அகலத்தை இருபது தீற்றலில் நிரப்பினால் வரைவிலிருந்த உயிர் போய்விடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 2 அல்லது 3 அங்குலச் சுவர் பிரஷ் போதும், புது பிரஷ்ஷை ஒருமுறை சோப்புப் போட்டு அலசி, உதிரும் மயிரைப் பிடுங்கிவிட வேண்டும். கையும் மணிக்கட்டிலிருந்து அசையாமல் தோளிலிருந்து அசைய வேண்டும். அதற்கு நின்றுகொண்டு வரைவதைத் தவிர வேறு வழியில்லை.

இனி பெயின்ட். கான்வாஸ் 24க்கு 36 அங்குலம், நெடுக்குவாட்டில். ஜெஸ்ஸோ இரண்டு பூச்சு, ஒன்று குறுக்கே, அடுத்தது நெடுக்கே. ஒரு பூச்சுக்கு 70, 80 மில்லி போதும். இடையில் 220 நம்பர் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துத் துடைக்கவும். கடையில் வரும் ‘ஏற்கெனவே ஜெஸ்ஸோ பூசிய’ கான்வாஸானாலும் இன்னொரு பூச்சு கொடுப்பது நல்லது.

தளத்துக்கு டைட்டானியம் வெள்ளையில் அல்ட்ராமரைன் நீலம், இருபதுக்கு ஒன்று அளவில். இங்கே ஒரு சுவாரசியம். சுண்ணாம்பு வெளுப்பாகத் தெரிய அதில் நீலத்தூள் கலப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். துணிக்குப் போடும் அந்தப் பழைய நீலத்தூளிலும் இருந்தது அல்ட்ராமரைன்தான். சுண்ணாம்பின் காரத்தை அது தாங்கும். பாட்டி வீட்டுச் சுவரின் நிறம் இந்த டியூபிலேயே இருக்கிறது, வேறெங்கும் தேட வேண்டாம். சுண்ணாம்பின் உலர்ந்த தோற்றத்துக்கு பளபளப்பைக் குறைக்கும் மேட் மீடியம் சேர்க்கலாம், அல்லது பெயின்ட் மூன்று பங்குக்கு ஒயிட்டிங் பவுடர் (சுண்ணக்கட்டித் தூள்) ஒரு பங்கு. அளவு கூடினால் பிசின் போதாமல் தளம் வெடிக்கும், விரலில் மாவாக ஒட்டும்.

கறைக்கு பர்ன்ட் அம்பரும் மஞ்சள் ஓக்கரும். கால் டீஸ்பூன் பெயின்டுக்கு இரண்டரை டீஸ்பூன் பளபளப்பான கிளேஸிங் மீடியம் (வண்ணத்தை ஒளி ஊடுருவும் படலமாக்கும் திரவம்). தண்ணீரால் நீர்க்கக் கூடாது. தண்ணீர் அதிகமானால் அக்ரிலிக்கின் பிசின் மெலிந்து, உலர்ந்த பிறகு ஈரத்துணி பட்டாலே வண்ணம் கையோடு வரும். முதல் படலத்தைச் சின்னதாகப் பூசி, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், ஈரமில்லாத மென்மையான அகலப் பிரஷ்ஷால் ஓரத்தை நாலாபுறமும் வருட வேண்டும். அடுத்த படலம் அதைவிடக் கொஞ்சம் பெரிது. கறை வளர்ந்த வரிசையும் அதுதான். ஆறு முதல் எட்டுப் படலம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை மணி; சென்னையில் நவம்பர் மழையில் ஒரு மணி நேரம் கூட ஆகும், ஃபேனைப் போட்டுக்கொள்ளலாம். கையால் தொட்டால் சில்லென்றிருந்தால் இன்னும் உலரவில்லை. உலராததன்மேல் பிரஷ் பட்டால் அடிப்படலம் தோல்போல உரிந்து வரும். அப்படி உரிந்தால் உடனே கை வைக்காமல் முழுக்க உலரவிட்டு, உப்புத்தாளால் சமன்செய்து மறுபடி தொடங்க வேண்டும். சித்திரை வெயிலில் பிரச்சினை நேர்மாறு, ஓரத்தை மங்கலாக்குவதற்குள் காய்ந்துவிடும். உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சேர்க்கலாம், பெயின்டில் பத்தில் ஒரு பங்குக்குள். மிஞ்சினால் பிசுபிசுப்பு நாள்கணக்கில் போகாது.

இன்னொன்று. ஈரமாயிருக்கும்போது அக்ரிலிக்கின் பிசின் பால்போல இருக்கும், உலர்ந்ததும் தெளிந்துவிடும். அதனால் வண்ணம் உலர உலர ஒரு படி கருக்கும். மூன்றாவது படலத்தில் “போதுமான கருமை இல்லையே” என்று தோன்றுவது இதனால்தான். அவசரப்பட்டு கறுப்பைக் கலந்தால் மறுநாள் காலையில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்.

‘உண்மையான தேங்காய் எண்ணெயையே தடவினால் என்ன?’ யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். தேங்காய் எண்ணெய் உலராத வகை. லின்சீட் எண்ணெய்போலக் காற்றில் இறுகிப் படலமாகாது. துணியின் பின்பக்கம் கசியும், தூசியை வாங்கும், அதன்மேல் எந்தப் பெயின்டும் நிற்காது. சுவர் தாங்கியது, கான்வாஸ் தாங்காது.

இப்போது அந்தச் சேறு. ஒவ்வொரு நிறமியும் ஒளியின் ஒரு பகுதியை விழுங்குகிறது. நிறவட்டத்தில் ஒன்றுக்கொன்று தள்ளியுள்ள மூன்று நிறமிகள் ஒன்றாகக் கலந்தால் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய எல்லாவற்றையும் விழுங்கிவிடும், மிஞ்சுவது பழுப்புச் சாம்பல். நீங்கள் இரண்டு டியூப் மட்டும் கலந்திருப்பீர்கள். ஆனால் மலிவான டியூபில் ஏற்கெனவே இரண்டு மூன்று நிறமிகள் கலந்திருக்கலாம், ஆக மொத்தம் ஐந்து. டியூபின் பின்னால் சின்ன எழுத்தில் நிறமி எண் இருக்கும்: பிபி29 அல்ட்ராமரைன், பிடபிள்யூ6 டைட்டானியம் வெள்ளை, பிஒய்43 இயற்கை மஞ்சள் ஓக்கர், பிபிஆர்7 அம்பர் வகை. ஓர் எண் மட்டும் உள்ள டியூபாகப் பார்த்து வாங்குங்கள். பெயரில் ‘ஹ்யூ’ என்று இருந்தால் அந்தப் பெயருக்குரிய நிறமிக்குப் பதில் வேறொன்றோ ஒரு கலவையோ உள்ளே இருக்கிறது என்று பொருள். எண்ணே போடாத டியூப் பயிற்சித் தாளோடு நிற்கட்டும். மேற்சொன்ன நான்கு டியூபில் இந்தப் படம் முடிந்துவிடும். நான்கில் முடியாத முதல் படம் பத்திலும் முடியாது.

மற்ற காரணங்கள் சில்லறை: பிரஷ் கழுவ ஒரே டம்ளர் வைத்துக்கொள்வது (இரண்டு வேண்டும், முதலாவது அழுக்குக்கு, அடுத்தது அலச), போட்ட தீற்றலைச் சரியில்லையென்று மேலும் பத்துமுறை தடவுவது. எதிர்நிறம் வேண்டுமென்றால் அடியிலுள்ளது உலர்ந்தபின் மேலே படலமாகவோ பக்கத்திலோ வையுங்கள், ஈரத்தில் குழைக்காதீர்கள்.

படலங்களைப் பொறுமையாக ஏற்றுவதில் நம்மவர்களில் ஓவியர் வாசுதேவ் கெய்டொன்டேயிடம் கற்க நிறைய உண்டு. பிரஷ்ஷைவிட ரோலரும் பேலட் நைஃபும்தான் அவர் அதிகம் நம்பிய கருவிகள். எண்ணெய் வண்ணத்தைப் பரப்பி, கிழித்த தாள் துண்டுகளை ஒட்டி எடுத்து, அவை விட்ட தடத்தைப் படத்துக்குள் வைத்துக்கொண்டார். ஆண்டுக்கு ஐந்தாறு கான்வாஸ்தான் முடித்தவர். யோசிக்கும் நேரமே பெரும்பகுதி. ஸென், ரமணர் என்று அவர் மனம் போன திசைகளைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். ரோலரைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. என் கணிப்பில், ரோலரை விட்டுவிட்டு அந்த மௌனத்தைப் பற்றிப் பேச முடியாது.

எப்போது நிறுத்துவது? மொபைலில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். சிறு வரைவில் இருந்த மூன்று சாயல்களும் பிரிந்து தெரிய வேண்டும், எல்லாம் ஒரே சாம்பலானால் வெளிர்-கருமை வேறுபாடு போதவில்லை. அடுத்து, செய்தித்தாளால் படத்தின் ஒரு பகுதியை மறையுங்கள். மறைத்ததால் எதுவும் இழக்கவில்லை என்றால் அந்தப் பகுதி இன்னும் வேலை செய்யவில்லை. மூன்றாவது, படத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துப் பார்ப்பது. கண்டின்ஸ்கியே ஒரு மாலை தன் ஸ்டூடியோவில் பக்கவாட்டில் சாய்ந்திருந்த தன் படத்தை அடையாளம் தெரியாமல் பார்த்து வியந்ததை எழுதியிருக்கிறார். ஆனால் நம் கறை தாழ்ந்தே இருக்க வேண்டியது. திருப்பிப் பார்ப்பது கனம் எங்கே சரிகிறதென்று அறிய மட்டும். பிறகு ஒரு வாரம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுங்கள்.

முடிந்ததும் வார்னிஷ் அடிக்க ஆசை வரும். இந்தப் படத்துக்கு வேண்டாம். படம் முழுக்க ஒரே பளபளப்பு வந்தால் உலர்ந்த சுண்ணாம்புக்கும் எண்ணெய்க் கறைக்கும் இருந்த வேறுபாடு அழிந்துவிடும், படமே அந்த வேறுபாடுதான். நேரெதிரில் நின்று மொபைலில் எடுத்தாலும் அது தெரியாது. பக்கத்திலிருந்து 45 பாகையில் ஒளி விழ வைத்து எடுக்க வேண்டும்.

நிறமி எண்ணைப் பார்க்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ 1960களின் தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வரைந்த சுவரோவியங்களில் லித்தால் ரெட் என்ற சிவப்பைப் பயன்படுத்தினார். வெயில் விழும் அறையில் மாட்டியதில் அது வெளுத்து, ஆழ்ந்த செந்நிறம் நீலமாய்ப் போயிற்று; 1979க்குள் அவற்றை இறக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். 2014இல் பெயின்டைத் தொடாமல், இழந்த நிறத்தை ஒளியாகப் படத்தின்மேல் பாய்ச்சிக் காட்டினார்கள். மேலே சொன்ன நான்கு நிறமிகளும் ஒளியில் நிலைப்பவை. ஒளிரும் ரோஸ், ஃப்ளோரசன்ட் வகையெல்லாம் அப்படியல்ல.

மாட்டும்போது படத்தின் கீழ்மூலைகளில் பின்பக்கம் இரண்டு கார்க் துண்டு ஒட்டி, சுவருக்கும் கான்வாஸுக்கும் ஒரு செ.மீ. இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் ஈரச்சுவரோடு ஒட்டிய துணியில் பூஞ்சை பிடிப்பது இங்கே சாதாரணம். பின்னாலுள்ள மரச்சட்டத்தில், துணியில் அல்ல, தேதி, நான்கு நிறமி எண்கள், எத்தனை படலம், அந்த மூன்று வரி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி வையுங்கள். மார்க்கர் பேனாவால் எழுத வேண்டாம். அதன் மை துணியில் பட்டால் முன்பக்கம் ஊறும்.